கால்நடை பொது சுகாதாரத்தில் ஆசிரியப் பணியும் நோய்த் தடுப்புக் கொள்கை ஆராய்ச்சியும்: தருமபுரிப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் எதை ஆராய வேண்டும்?

பாலக்கோட்டு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் கடைசி ஓராண்டான உள்ளிருப்புப் பயிற்சியை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு கறவை மாடுகள் உண்டு. அப்பா காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறார். படிப்பு முடிந்தவுடன் நான் தேர்வாணையத் தேர்வு எழுதிக் கால்நடை உதவி மருத்துவராக வேண்டும், முடிந்தால் நம் மாவட்டத்திலேயே ஒரு மருந்தகத்தில் பணியில் அமர வேண்டும் என்பது அவருடைய விருப்பம். எனக்கோ கால்நடை பொது சுகாதாரப் பாடம் நடந்த நாளிலிருந்தே மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. விலங்கிடமிருந்து மனிதருக்கு வரும் நோய்கள், பால் இறைச்சியின் பாதுகாப்பு, ஒரு நோய் ஊர்விட்டு ஊர் போகும் வழி, அதைத் தடுக்க அரசு வகுக்கும் விதிகள் ஆகியவற்றையே வாழ்நாள் வேலையாகக் கொள்ள விரும்புகிறேன்.

முதுநிலைப் படிப்புக்கு இரண்டு ஆண்டுகள், முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் என்று பார்த்தால், என்னோடு படித்தவர்கள் சம்பளம் வாங்கத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் நான் வேலை தேடத் தொடங்குவேன். இந்தத் துறையை எடுத்தவர்கள் மாட்டைத் தொடாமல் தாளைத் தொடுகிறவர்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள். அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. இத்துறையில் ஆராய்ச்சி செய்தவர்களால் களத்தில் உண்மையிலேயே எதுவும் மாறியிருக்கிறதா, நம் ஊரிலிருந்து போகிற ஒருத்தி எதை ஆராய்ந்தால் அது வீண்போகாது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மருத்துவர், பென்னாகரம்:

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்தபோது என் பணியின் தொடக்க காலத்தில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லிவிட்டால் என் பதிலும் அதற்குள்ளேயே இருக்கும்.

காட்டோரத்தில் ஒரு சிற்றூர். பட்டி மாடுகள் காட்டுக்குள் மேய்ந்துவிட்டு வரும் இடம். ஒரு நாள் காலை ஒருவர் சைக்கிளில் வந்து, முந்தின இரவு நன்றாகத் தீவனம் தின்ற கறவை மாடு விடியலில் செத்துக் கிடக்கிறது என்று சொல்லி அழைத்தார். போய்ப் பார்த்தேன். வயிறு முரசுபோல் உப்பியிருந்தது. இறந்து பல மணி நேரமாகியும் கால்கள் விறைக்கவில்லை. மூக்கிலும் ஆசனவாயிலும் தார்போன்ற கறுத்த இரத்தம் உறையாமல் கசிந்திருந்தது. காது நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டு வந்து, பாலிகுரோம் மெத்திலீன் புளூ சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். முனைகளை வெட்டினாற்போன்ற நீலக் குச்சிகள், அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை. அடைப்பான் நோய், ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ். ஐயத்துக்கு இடமே இல்லை.

அடைப்பானில் இறந்த மாட்டைக் கத்தியால் தொடக்கூடாது. திறக்காத உடலுக்குள் கிருமிகள் அழுகலோடு அழிந்துபோகும். திறந்துவிட்டால் காற்றுப் பட்டு விதைபோன்ற கடின வடிவம் எடுத்து அந்த மண்ணிலேயே பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே பிரேதப் பரிசோதனை செய்யாமல், ஆறடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னேன். அந்த மனிதரும் என் சொல்லைத் தட்டாமல் புதைத்தார்.

மாட்டுக்கு 15,000 ரூபாய்க்குக் காப்பீடு இருந்தது. காப்பீட்டுக்காரர்கள் பிரேதப் பரிசோதனைச் சான்றும், மாட்டின் காதில் இருந்த வில்லையும் கேட்டார்கள். வில்லை மாட்டோடு மண்ணுக்குள் போய்விட்டது. பரிசோதனையே செய்யக்கூடாது என்ற நிலையில் அதன் சான்றுக்கு நான் எங்கே போவேன்? நுண்ணோக்கியில் கண்டதை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அந்தத் தாள் அவர்களுடைய படிவத்தில் எந்தக் கட்டத்துக்கும் பொருந்தவில்லை என்று கோரிக்கை திரும்பி வந்துவிட்டது. இரண்டு முறை கடிதம் எழுதிய நான், மூன்றாவது முறை எழுதாமல் விட்டுவிட்டேன். அது என் தவறு.

அடுத்த மழைக்காலத்தில் அதே ஊரில் இன்னொரு மாடு செத்தது. யாரும் என்னிடம் சொல்ல வரவில்லை. தோலை உரித்தார்கள், கறியைக் கூறு போட்டார்கள். பத்து நாள் கழித்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் என்னை அழைத்துக் காட்டினார்: மூன்று பேருக்கு முன்கையில் கொப்புளம் வந்து உடைந்து, நடுவில் கரியைப் பதித்தாற்போலக் கறுத்த புண், சுற்றிலும் வீக்கம். வலி இல்லை என்றார்கள். அந்தப் புண்ணுக்கு வலி இருக்காது. பென்சிலின் கொடுத்ததில் மூவரும் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவர், முதல் மாட்டை என் சொல் கேட்டுப் புதைத்த அதே மனிதர்.

அவருக்கு அறிவு இல்லை என்றோ விழிப்புணர்வு போதவில்லை என்றோ யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். நோயைச் சொன்னதால் அவருக்குக் கிடைத்தது நட்டம் என்பதை அவர் அனுபவத்தில் கற்றிருந்தார். நான் நுண்ணோக்கியில் கண்டுபிடித்த கிருமியைவிட, ஒரு படிவத்தில் இல்லாமற்போன ஒரு கட்டம் அந்த ஊரில் அதிகக் கேடு செய்தது. அந்தக் கட்டத்தைத் திருத்த வேண்டும் என்று ஆதாரத்தோடு எடுத்துச் சொல்லும் ஒருவர் அன்று எங்களுக்கு இல்லை. மருந்தகத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அதற்கு நேரமும் இல்லை, அந்தப் பயிற்சியும் இல்லை. நீங்கள் அந்த ஒருவராக வரலாம்.

கறவைமாட்டு விவசாயி, காரிமங்கலம்:

டாக்டர் ஐயா சொன்னது முழுக்க உண்மை. அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆறடிக் குழி என்று எல்லாத் துண்டறிக்கையிலும் அச்சடித்திருக்கிறார்கள். எங்கள் காட்டில் இரண்டடி தோண்டினால் சரளை, அதற்குக் கீழே பாறை. ஆள் வைத்து வெட்ட முடியாது. ஜேசிபிதான் வரவேண்டும், அதற்கு மணிக்கணக்கில் வாடகை. சுண்ணாம்பு மூட்டை வேறு. சொந்த நிலம் இல்லாதவர் புறம்போக்கில் புதைக்கப் போனால், பக்கத்துக் கிணற்றுக்காரர் தண்ணீர் கெட்டுவிடும் என்று சண்டைக்கு வருகிறார். மாடும் போய், கையிலிருந்து பணமும் போய், ஊராரோடு மனத்தாங்கலும் வருகிறது என்றால் ஒருவர் எப்படி வாயைத் திறந்து சொல்லுவார்? படிக்கப் போகிற தங்கை இந்தச் செலவையெல்லாம் ஒரு முறை உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினாலே பெரிய உதவி.

ஓசூர் ஆராய்ச்சியாளர்:

நான் விலங்கு நோய்ப்பரவியலில் முனைவர் பட்டம் பெற்று, ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போய்வந்து வேலை செய்கிறேன். தங்கை கேட்ட இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

எதுவும் மாறியிருக்கிறதா என்பதற்கு முதல் விடை வெக்கை நோய். நம் தாத்தாக்கள் காலத்தில் ஒரே வாரத்தில் பட்டியையே காலி செய்த நோய் அது. நம் நாட்டின் கால்நடை ஆராய்ச்சியே ஒருவகையில் அதிலிருந்து பிறந்தது. 1889-இல் புனேயில் தொடங்கி, பிறகு முக்தேசுவரத்துக்கு மாறிய ஆய்வகம்தான் இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன மாடுகள் வழியில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கியதால் பெல்ஜியத்தில் வெக்கை பரவியது. அந்த அதிர்ச்சியில்தான் நாடுகள் கூடிப் பேசி, 1924-இல் 28 நாடுகள் கையெழுத்திட்டுப் பன்னாட்டு விலங்கு நல அமைப்பைப் பாரிஸில் உருவாக்கின. தடுப்பூசி கிடைத்த பிறகும் நோய் எளிதில் ஒழியவில்லை. எங்கே மிச்சம் இருக்கிறது என்று ஊர் ஊராகத் தேடிப் பிடித்து, எப்போது தடுப்பூசியை நிறுத்தலாம் என்று முடிவு செய்வதே கடினமான பகுதியாக இருந்தது. இந்தியாவில் கடைசிப் பரவல் 1995-இல். தொற்றற்ற நாடு என்ற அங்கீகாரம் 2006-இல். உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிப்பு 2011-இல். ஊசி போட்ட கைகளுக்கு உள்ள பங்கு அந்தத் தேடலைத் திட்டமிட்டவர்களுக்கும் உண்டு. அவர்களைத் தாளைத் தொடுகிறவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எதை ஆராய்வது என்பதில் நம் மாவட்டங்களுக்கு ஒரு தனித்தன்மை இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் கர்நாடகம், ஆந்திரம் இரண்டையும் தொடுகிறது. அரசமைப்புச் சட்டத்தில் விலங்கு நோய்த் தடுப்பு மாநிலப் பட்டியலில் 15-ஆவது பதிவாக இருக்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு நோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் 29-ஆவது பதிவு. குந்தாரப்பள்ளிச் சந்தையில் வெள்ளிக்கிழமை விற்ற மாடு அன்று மாலையே இன்னொரு மாநிலத்துத் தொழுவத்தில் நிற்கலாம். அந்த மாட்டைப் பின்தொடரும் தகவல் அதே வேகத்தில் போவதில்லை.

ஒரு சிறு அனுபவம். கோமாரி பற்றி ஓர் எல்லையோர வட்டத்தில் வீடு வீடாகக் கேட்டோம். எங்கள் படிவத்தில் கோமாரி என்று அச்சிட்டிருந்தோம். தளிப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுப் பலர் இல்லை என்று தலையாட்டினார்கள். கன்னடத்தில் கால்பாயி என்று கேட்டபோது, போன ஆண்டு வந்ததே என்றார்கள். வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் தெலுங்கில் காலிகுண்டு என்று கேட்க வேண்டியிருந்தது. இன்னும் சில முதியவர்கள் காணை என்றே சொன்னார்கள். முதல் நான்கு நாட்கள் நாங்கள் சேர்த்த கணக்கு முழுவதையும் தள்ளிவிட்டு மறுபடியும் தொடங்கினோம். ஒரு நோய்க்கு அந்த ஊரில் என்ன பெயர் என்பது தெரியாமல் செய்த ஆய்வின் சதவீதங்களை நம்பி யாரும் கொள்கை வகுக்கக் கூடாது. இங்கே பிறந்து வளர்ந்து, மூன்று மொழியும் காதில் விழுந்த பெண்ணுக்கு வெளியூர் ஆராய்ச்சியாளருக்கு இல்லாத வலிமை ஒன்று உண்டு.

தடுப்பூசித் திட்டத்தையே பாருங்கள். 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி, கன்று வீச்சு நோய்க்கு 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே ஊசி. போட்ட ஊசியின் எண்ணிக்கை கணினியில் ஏறிவிடுகிறது. மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் கடைசி வரை இருந்ததா, மாட்டின் உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டானதா, ஊசிக்குப் பயந்து காட்டுப் பட்டியில் ஒளித்து வைத்த மாடுகள் எத்தனை என்பவை வேறு கேள்விகள். அவற்றைக் கேட்பதுதான் நம் துறையின் வேலை.

சுமையையும் மறைக்காமல் சொல்கிறேன். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். கால்நடை உதவி மருத்துவருக்கு 56,100 ரூபாய். வேறுபாடு சம்பளத்தில் இல்லை, காத்திருக்கும் ஆண்டுகளில்தான் இருக்கிறது. ஆசிரியப் பணிக்கான நெட் தகுதித் தேர்வை முடித்தாலும் பணியிட அறிவிப்பு வரும்வரை, திட்டம் முடிந்தால் முடிந்துபோகும் ஒப்பந்த வேலைகளில் இருக்க நேரலாம். நான் நான்கு ஆண்டுகள் அப்படி இருந்தேன். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். ஒரு விதியைத் திருத்த வைத்ததை எண்ணுவதற்கு அங்கே வழி இல்லை. இரண்டு ஆண்டு உழைத்து எழுதிய என் அறிக்கை ஒன்று ஓர் அலுவலகத்தில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நின்றுவிட்டது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. இவற்றைத் தாங்க வீட்டில் ஒருவராவது உங்கள் பக்கம் நிற்க வேண்டும்.

கிராம சுகாதாரச் செவிலியர், ஊத்தங்கரை:

நான் கால்நடைத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சு எங்களுக்கும் உரியது. எங்கள் நிலையத்தில் நாய்க்கடிப் பதிவேடு ஒன்று உண்டு. கடிபட்டவரின் பெயர், வயது, காயம் எங்கே, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போட்ட விவரம் எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருக்கும். கடித்த நாய் பின்னர் என்னவாயிற்று என்ற கட்டம் மட்டும் பக்கம் பக்கமாகக் காலியாக இருக்கும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லுகிறோம். யார் கவனிப்பது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பதிவேட்டை ஒரு கால்நடை மருத்துவர் புரட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் வெறிநோய்ச் சங்கிலி அறும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். மனிதர் நலமும் விலங்கு நலமும் ஒன்றே என்ற பொருளில் ‘ஒரே நலம்’ என்று இரண்டு துறையும் மேடையில் சேர்ந்து பேசுகின்றன. பதிவேடு சேர வேண்டும். தங்கை கேட்டு வந்தால், மேலதிகாரியிடம் முறைப்படி அனுமதி பெற்றுப் பெயர்களை மறைத்துக் காட்ட முயல்கிறேன்.

ஓய்வுபெற்ற மருத்துவர், பென்னாகரம்:

ஓசூர்த் தம்பி எழுதியதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. முதலில் எதிர்ப்புச் சக்தி அளவீடு, பட்டி மாட்டுக் கணக்கு என்று தொடங்கினால் மறுபடியும் ஆய்வகத்துக்குள்தான் போய் நிற்போம். 2009-ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டம், நோய் என்று ஐயப்பட்டாலே உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்று கடமையாக்கியிருக்கிறது. சொன்னவருக்கு என்ன நடந்தது என்பதை ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிய ஒரு நல்ல ஆய்வேட்டை நான் இன்னும் படிக்கவில்லை. பறவைக் காய்ச்சலில் கோழிகளை அழித்தால் மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக இழப்பீட்டுச் செலவை ஏற்கின்றன. அதனால் கோழிப் பண்ணைக்காரர் நோயைச் சொல்லத் துணிகிறார். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் அந்தத் துணிவு வேண்டும்.

ஓசூர் ஆராய்ச்சியாளர்:

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஆய்வேட்டை மதிப்பிடுகிறவர்கள் எண்களைக் கேட்பார்கள் என்பதைத் தங்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை வீட்டில், எத்தனை மாட்டுச் சாவில், எத்தனை தெரிவிக்கப்பட்டன, எந்தப் படியில் செய்தி நின்றுபோனது என்று கணக்கும் இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஐயா சொன்ன மனிதரின் கதையும் இருக்கட்டும். விதியைத் திருத்தும் இடத்தில் இருப்பவர் கதையைக் கேட்டு மனம் இளகினாலும், கோப்பில் எழுத அவருக்கு எண் வேண்டும். அடைப்பான் வரும் ஊர்களில் தகட்டுப் பரிசோதனை முடிவையே பிரேதப் பரிசோதனைச் சான்றாகக் காப்பீட்டுக்கு ஏற்கவேண்டும் என்ற ஒரே ஒரு வரியைச் சேர்க்க வைத்தால்கூட, என் கட்டுரைகள் எல்லாவற்றையும்விட அது பெரிது.

பாலக்கோட்டு மாணவி:

நேற்று இரவு இந்தப் பதில்கள் எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். படிவத்தில் இல்லாத கட்டத்தைப் பற்றி மருத்துவர் ஐயா எழுதிய பகுதி வந்தபோது, மறுபடியும் படி என்றார். பிறகு, எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு கிடேரி திடீரென்று செத்ததையும், அதை யாருக்கும் சொல்லாமல் ஏரிக்கரையில் இழுத்துப் போட்டதையும் முதன்முறையாகச் சொன்னார். அது என்ன நோய் என்று இன்றுவரை தெரியாது என்றார். நான் ஐந்தரை ஆண்டு படித்தும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

முதுநிலைக்கு விண்ணப்பிக்கிறேன். தேர்வாணையத் தேர்வையும் எழுதி வைக்கச் சொல்கிறார்; அதற்கும் சம்மதித்திருக்கிறேன். மாட்டுச் சாவுச் செய்தி எந்தப் படியில், எதனால் நின்றுபோகிறது என்பதையே ஆய்வுத் தலைப்பாகக் கேட்கப்போகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மருத்துவர், பென்னாகரம்:

என்னிடம் பணிக்கால நாட்குறிப்புகள் பதினொன்று இருக்கின்றன. எந்த ஊர், எந்த மாதம், என்ன அறிகுறி என்று அன்றன்றே எழுதியவை. எழுத்து சற்று மங்கியிருக்கும். அப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அடைப்பான் ஊர்களை நான் வரைபடத்தில் குறித்துத் தருகிறேன். ராணிப்பேட்டையிலிருந்து வந்த தடுப்பு மருந்தை எந்தெந்த ஆண்டு போட்டேன் என்பதும் அதில் இருக்கிறது.

கறவைமாட்டு விவசாயி, காரிமங்கலம்:

அதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் சந்தைக்கு வாருங்கள், தங்கை. மாடு எந்த ஊரிலிருந்து வருகிறது, எந்த ஊருக்குப் போகிறது என்பது தரகர்களுக்கு மனப்பாடம். காகிதத்தையும் பேனாவையும் முதலில் வெளியே எடுக்க வேண்டாம். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசும் நேரத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பேரம் முடிந்து டீக்கடைக்கு வந்ததும் நானே உங்களை அறிமுகப்படுத்துகிறேன். விடிவதற்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் பாதி மாடு வண்டி ஏறிவிடும்.